வெள்ளிக்கிழமைக் கத்தி

ஜூலை 12, சனி

இன்று சனிக்கிழமை. இரும்பு வாங்கினேன்.

கடை வைத்த நாளிலிருந்து சனிக்கிழமை நான் இரும்பு வாங்கியதில்லை. விற்பேன். சனிக்கிழமை இரும்பு வெளியே போவதில் குற்றமில்லை. உள்ளே வந்தால்தான் வினை. குன்னூர் கீழ் பஜாரில் இது எல்லோருக்கும் தெரியும். பங்களாக்களைக் காலி செய்கிறவர்கள் பழைய கத்தியோ பூட்டோ எது கிடைத்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள், சனிக்கிழமை மட்டும் வரமாட்டார்கள். தலைச்சுமையாகப் பழைய இரும்பு எடுத்துத் திரிந்தவன் இன்றைக்குப் பெங்களூர் டாக்டருக்கு மடக்குக் கத்தி விற்கிறேன் என்றால், பாதி என் சாமர்த்தியம், பாதி இந்தக் கட்டுப்பாடு. அப்படித்தான் நம்பி வந்திருக்கிறேன்.

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே குணசீலன் நின்றுகொண்டிருந்தார். சிறு தோட்டக்காரர்களிடம் பச்சைத் தேயிலை வாங்கி ஃபாக்டரிக்கு அனுப்பும் ஏஜெண்ட். அவருடைய அப்பாவுக்கு ஒரு துரை கொடுத்த கத்தியை நான் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்து ஷெஃபீல்டு சரக்கு. இரண்டு அலகு, உள்ளே பித்தளைத் தகடு, மான்கொம்புப் பிடி. எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். மூட்டையின் சணலை அதில்தான் அறுப்பார், ஆப்பிளையும் அதில்தான் வெட்டித் தின்பார். விலை கேட்டால், "அது போனா நான் போன மாதிரிங்க" என்பார். இன்று அவராகவே அதை மேஜைமேல் வைத்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பதால் வைத்தார், நான் எடுத்துக்கொண்டேன்.

நாளைக்கு வாருங்கள் என்றேன்.

"நேத்தே குடுத்ததா வெச்சுக்கங்க அண்ணாச்சி. நேத்தே வர்றதாத்தான் இருந்துச்சு, மழை புடிச்சுக்கிச்சு. வெள்ளின்னு சொல்லிட்டா சனிபகவான் வந்து எட்டிப் பாக்கவா போறாரு?"

ஐயாயிரம் கேட்டார். நாலு என்றேன். நாலரையில் முடிந்தது. அதற்குள் இரண்டு டீ ஆகிவிட்டது, அதுவும் என் செலவு. ஐம்பது ரூபாய்க்காக அரை மணி நேரம் நிற்கிற மனிதர். விற்கும்போதும் மாறவில்லை.

சாணைக்கல்லில் இருந்த வேதமாணிக்கம் சிரித்தான். என் ஊர்ப்பக்கத்து ஆள், நாசரேத்துக்காரன். என்னிடம் வேலைக்குச் சேர்ந்து கல்யாணம் முடித்துப் பிள்ளையும் பெற்றுவிட்டான். "பேசாம எங்க வேதத்துக்கு வந்துருங்க அண்ணாச்சி. எங்களுக்கு எல்லாக் கிழமையும் இரும்பு வாங்கலாம்" என்றான்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. குணசீலன் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போதே கத்தியை எடுத்துப் போனேன். என் மனைவி செண்பகம் கத்தியைப் பார்த்ததும் நிலைப்படியில் கையை வைத்து மறித்துவிட்டாள். "சனிக்கிழமையும் அதுவுமா இத வாங்கிட்டு வந்து நிக்கிய. வாசலத் தாண்டப்படாது, சொல்லிட்டேன்." துணியில் சுற்றி வெளியே தண்ணீர் டிரம்முக்கு அடியில் வைத்தேன். யார் கேட்டாலும் வெள்ளிக்கிழமை வாங்கியது என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

மத்தியானம் செய்தி வந்தது. குணசீலனின் எடைக்காரர் சதானந்தத்தை ராத்திரி யாரோ குத்திப் போட்டிருக்கிறார்கள். ஃபாக்டரிக்குக் கீழே ஓடைப்பக்கம் கிடந்தாராம். காலையில் என்னோடு இரண்டு டீ குடித்த குணசீலன் இதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்போது அவருக்குத் தெரிந்திருக்காது.

ஜூலை 13, ஞாயிறு

கத்தியை உள்ளே எடுத்தேன். வெயில் இல்லை, லைட்டுக்கு அடியில் உட்கார்ந்து பார்த்தேன். வில் திடமாக இருக்கிறது, ஆணி தளரவில்லை, நகத்தை மாட்டித் திறக்கிற குழி தேயவில்லை. பெரிய அலகு மட்டும் திறப்பேனா என்றது. ஏதோ ஒட்டிப் பிடித்திருக்கிறது. மேலே பினாயில் வாடை. பழைய கத்தியைப் பினாயிலில் கழுவி விற்க வந்த ஆளை இதுவரை பார்த்ததில்லை.

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். பிறகு தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, அலகு மடங்கும் பள்ளத்துக்குள் விட்டுத் துடைத்தேன். காப்பித்தூள் நிறத்தில் வந்தது. துரு உதிரும். இது பிசினாக வந்தது. ஆப்பிள் வெட்டுகிற கத்தி, சாறு இறங்கிக் காய்ந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். பஞ்சு எட்டு ஒன்பது ஆயிற்று. எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன். வழக்கமாகக் குப்பையில்தான் போடுவேன்.

போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸ் போட்டேன். "வெள்ளிக்கிழமை வந்த சரக்கு." முதல் ஆளாகப் பார்த்தது குணசீலன்.

சர்ச்சிலிருந்து வந்த வேதமாணிக்கத்தை பஸ் ஸ்டாண்டில் வைத்துப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனுக்கும் சதானந்தத்துக்கும் தகராறு. தன் மாமியார் தோட்டத்துத் தேயிலையில் சதானந்தம் மூட்டைக்கு இரண்டு கிலோ குறைத்துப் போடுகிறார் என்று, ஜனங்கள் நடுவில், "தராசத் தொடுத விரல நறுக்கிருவேன்" என்று கத்தியிருக்கிறான். குத்தியது நீளமில்லாத கத்தி, நல்ல கூர் என்று டாக்டர் சொன்னாராம். கூர் தீட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாதவன் அவன்.

ஜூலை 14, திங்கள்

சாணை ஓடவில்லை. பெங்களூருக்குப் பார்சல் இரண்டு. எதிர் டீக்கடையில் பேச்சு: சதானந்தம் தானாகத் தராசில் கை வைக்கவில்லை, முதலாளி குணசீலன் சொல்லித்தான் செய்தார், அதை ஃபாக்டரியில் போய்ச் சொல்லிவிடுவேன் என்று போன வாரம் குடித்துவிட்டு அழுதாராம். டீக்கடையில் ஆயிரம் பேசுவார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

இன்ஸ்பெக்டர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. என் கடைக் கத்தி ஏதாவது குறைகிறதா, வேதமாணிக்கம் வீட்டுக்கு எடுத்துப்போவானா என்று விசாரித்தார். குறையவில்லை, எடுத்துப்போக மாட்டான் என்றேன். இரண்டும் உண்மை.

பிறகு குணசீலனின் கத்தியைக் கேட்டார். அவர் எப்போதும் சட்டைப்பையில் ஒரு கத்தி வைத்திருப்பார் என்று செத்தவரின் மனைவி சொல்லியிருக்கிறாள். அவரைக் கேட்டதற்கு, வெள்ளிக்கிழமை காலையிலேயே அண்ணாச்சிக்கு விற்றுவிட்டேன் என்றிருக்கிறார்.

"எப்ப வாங்குனீங்க?"

"வெள்ளிக்கிழமை" என்றேன்.

நினைத்துச் சொல்லவில்லை. என் வாயில் சனி என்று வராது, அவ்வளவுதான். பக்கத்துக் கடைக்காரரும், "சனிக்கிழமை அண்ணாச்சி கடைக்குள்ள ஆணி கூடப் போகாதுங்க சார்" என்று எடுத்துக்கொடுத்தார். இன்ஸ்பெக்டர் சிரித்தார். என் ஸ்டேட்டஸை யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பியதைத் தன் போனில் காட்டினார். வெள்ளிக்கிழமை வந்த சரக்கு.

கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்தார். நான் மேஜைமேல் வைக்கத்தான் போனேன், அவர் என் கையிலிருந்தே எடுத்துக்கொண்டார். திறந்து மூடினார். அலகின் கூரைப் பார்க்கவில்லை, பிடியைத்தான் தடவினார்.

"இது என்ன கொம்பு அண்ணாச்சி?"

"எருமை, சார்."

"எருமையா" என்றார். மான்கொம்பு வைத்திருந்தாலே கேஸ். ஃபாரஸ்ட்காரர்களுக்குப் போன் போட்டால் என் மேஜை இழுப்பறைகளில் எத்தனை எருமை மானாக மாறும் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 16, புதன்

கத்தியைப் பாலிஷ் போட்டேன்.

என் வியாபாரத்தில் இது செய்யக்கூடாத காரியம். பழைய அலகில் ஏறியிருக்கும் கருப்புக்குத்தான் விலை. அதை எடுத்துப் பளபளப்பாக்கினால் புதுக்கத்தி, பாதி விலைகூடப் போகாது. வேதமாணிக்கத்துக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். இருந்தும் உப்புத்தாளை எடுத்தேன். கரகரத்த தாள், பிறகு நைஸ் தாள், பிறகு சக்கரத்தில் துணி போட்டுப் பச்சை மெழுகு. ஆணியைத் தட்டி எடுத்து, பிடியைப் பிரித்து, பித்தளையின் உட்பக்கத்தையும் புளி போட்டுத் தேய்த்தேன். இதுவரை யார் கத்தியையும் இவ்வளவு பிரித்ததில்லை. இப்போது முகம் பார்க்கலாம்.

சில பேருக்குப் பளபளப்பாக இருந்தால்தான் பிடிக்கிறது. வெளிநாட்டு ஆர்டர் ஏதாவது வரலாம்.

ஜூலை 17, வியாழன்

மழை. செண்பகம் தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். தனியாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

லீதியாள் வந்தாள், வேதமாணிக்கத்தின் மனைவி. பிள்ளையை வெளியே டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தாள். அழுவாள் என்று நினைத்து நான் தயாராக இருந்தேன். அழவில்லை. கோயம்புத்தூர் ஜெயிலில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

"அவுகள நல்லா அடிச்சிருக்காவ. அதச் சொல்ல வரல. அந்த மான்கொம்புக் கத்தி சனிக்கிழமை காலையிலதான் வந்துச்சுன்னு அவுக ஸ்டேஷன்லயே சொல்லிருக்காவ. எல்லாரும் சிரிச்சாவளாம். அண்ணாச்சி சனிக்கிழமை இரும்பு வாங்க மாட்டாரு, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுலேன்னு அதுக்கு வேற அடி."

நான் சாணைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம் அண்ணாச்சி. வக்கீல் வேண்டாம், ரூவா வேண்டாம். ஒரு கிழமையோட பேரு. அத மட்டும் போய்ச் சொன்னாப் போதும்."

பார்க்கலாம் என்றேன். அரிசி ஒரு சிப்பம் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன், அவன் சம்பளத்தையும் முழுசாகக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். போகும்போது நிலைப்படியில் நின்றிருந்த செண்பகத்தை ஒரு பார்வை பார்த்தாள். செண்பகம் உள்ளே போய்விட்டாள்.

வெளிப்படையாகவே எழுதுகிறேன், இது எனக்கு மட்டும்தானே. போய்ச் சனிக்கிழமை என்று சொன்னால், முதலில் போலீஸிடம் பொய் சொன்னவன் நான். அடுத்து கொம்புப் பிடிகளை அள்ளிப் போட்டு ஃபாரஸ்ட் கேஸ், அதற்கு வருடக்கணக்கில் உள்ளே. கத்தியைத் தேய்த்தது ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் யோசித்தேன். ஆர்டர் வரலாம் என்பதைத் தவிர வேறு வரவில்லை.

ஜூலை 19, சனி

கோத்தகிரியிலிருந்து ஒருத்தர் பேனாக்கத்தி ஆறு கொண்டுவந்தார், வெளியூர்க்காரர், விவரம் தெரியாதவர். இன்றைக்கு வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். டீக்கடையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு விஷயம் பிடிபடாமல் இருந்தது, இன்றைக்குப் பிடிபட்டது. இந்த மலையில் ஒரு கத்தியைத் தூக்கி எறிய இடமா இல்லை? எறிந்தால் எங்கே என்று கேட்பார்கள், ஊரே பார்த்த கத்தி அது. என்னிடம் விற்றால் கழுவித் தரவும் ஆள், நாள் சொல்லவும் ஆள். அதற்கு நானே நாலாயிரத்து ஐநூறும் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

எழுதிவிட்டேனே தவிர, இதற்கு ஆதாரம் ஒன்றுமில்லை. இருந்ததை அடுப்பில் போட்டது யார் என்று எழுதப்போவதில்லை.

ஜூலை 22, செவ்வாய்

குணசீலன் வந்தார். பதினோரு மணி இருக்கும், பஜார் நிறைந்திருந்த நேரம். புதுச்சட்டை, பையில் ஒன்றுமில்லை. சதானந்தத்தின் காரியத்துக்கு அவர்தான் முன்னால் நின்று செலவு செய்தாராம், அதைச் சொன்னார். பிறகு, "அப்பாவோட கத்தி மனசு கேக்கல அண்ணாச்சி. திருப்பிக் குடுத்துருங்க" என்றார்.

பாலிஷ் போட்ட கத்தியை மேஜையில் வைத்தேன். எடுத்துப் பார்த்தார். அலகில் அவர் முகம் தெரிந்தது. "ரொம்பச் சுத்தமா பண்ணிருக்கீங்க" என்றார்.

எத்தனை வருடமோ ஆட்களைப் பேரத்தில்தான் படித்திருக்கிறேன். முகம் பொய் சொல்லும், பேரம் சொல்லாது. எவனுக்கு எவ்வளவு அவசரம் என்று இரண்டாவது விலையில் தெரிந்துவிடும். அதனால் விலை சொல்லிப் பார்த்தேன்.

"பதினஞ்சு ஆகும்."

"சரிங்க."

நாலரைக்கு விற்ற கத்தி. அரை மணி நேரம் நிற்கிற மனிதர். மறுபடியும் ஏற்றினேன்.

"வேலை நெறைய. இருபத்தஞ்சு."

"சரிங்க அண்ணாச்சி."

"பெங்களூர்க்காரர் அம்பது சொல்லிருக்காரு."

"அம்பதே இருக்கட்டுங்க."

ஒரு லட்சம் என்றேன். உலகத்தில் எந்தப் பைத்தியக்காரனும் தரமாட்டான். அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை, சிரிக்கவில்லை. பேரம் பேசாத ஆளைக் கண்டு நான் பயந்தது வாழ்க்கையில் இன்றுதான். அதற்குமேல் விலையை ஏற்ற எனக்குத் தைரியம் வரவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிங்க. வியாழக்கிழமை வர்றேன்" என்றார். எழுந்தவர் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "அக்கா நல்லாருக்காங்களா? அன்னைக்கு அவங்கதான வாசலத் தாண்டக் கூடாதுன்னு சத்தம் போட்டாங்க. நல்ல ஞாபகசக்தி இருக்கும் அவங்களுக்கு."

ஜூலை 23, புதன்

செண்பகம் கல்லிடைக்குறிச்சிக்குத் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போகச் சொல்லவில்லை. நேற்று அவர் கேட்டதை மட்டும் சொன்னேன். சோறு வடித்து வைத்துவிட்டுப் பையைத் தூக்கினாள்.

"நானாப் போய் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா கேட்டா எனக்குப் பொய் வராது, ஒங்களுக்கே தெரியும். அதான் கேக்க முடியாத எடத்துக்குப் போறேன்."

எத்தனை நாள் என்றேன். "அது ஒங்க கையிலதான இருக்கு" என்றாள்.

பஸ் ஏற்றிவிட்டு வரும் வழியில் போலீஸ் ஸ்டேஷன். எதிர்ப்பக்கமாக நடந்தேன். வாசலில் நின்ற ஏட்டு, "என்ன அண்ணாச்சி, கடை லீவா?" என்றார். ஆமாம் என்றேன். குடையை விரித்தேன். மழை இல்லை.

ஜூலை 24, வியாழன்

குணசீலன் சொன்னபடி வந்தார். ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார், இறக்கினேன். லட்சத்தைக் கட்டாக மேஜையில் வைத்தார். நான் தொடவில்லை. வேதமாணிக்கத்துக்கு ஒரு வழி சொல்லாமல் கத்தி கைமாறாது என்றேன். என் கடை ஆள், நான்தான் பார்க்க வேண்டும். இதையாவது நான் கேட்டேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

வெளியே கொண்டுவர முடியாது அண்ணாச்சி என்று தன்மையாகச் சொன்னார். அவன் வெளியே வந்தால் வேறு யாராவது உள்ளே போக வேண்டுமே, அது யார் என்று கேட்டார். வக்கீல் செலவையாவது ஏற்றுக்கொள்ளுங்கள் என்றேன். வக்கீலுக்கு அவரே கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். வக்கீல் யாரென்பதும் அவர் இஷ்டம்.

லீதியாளுக்கு மாதாமாதம் என்ன என்றேன். அவளுக்கு என் கை வழியாகப் போகட்டும், சம்பளம் என்று சொல்லிக்கொள்ளலாம். பன்னிரண்டாயிரம் கேட்டேன்.

"பன்னண்டா? அவனுக்கு நீங்களே அவ்வளவு குடுக்கலையேங்க" என்றார். ஐந்து என்றார். பிள்ளை இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது என்றேன். ஐந்தரை. பத்துக்கு இறங்கினேன். மாமியாருக்கு இலைத்தோட்டம் இருக்கிறதே என்றார். அந்த இலையைக் குறைத்து எடை போட்டது யார் தராசு என்று கேட்க வாய் வரை வந்தது, ஒன்பது என்று சொல்லிவிட்டேன். அவர் ஆறு. எழுந்து போவதுபோல் எழுந்தார், நான் கூப்பிடுவேன் என்று தெரிந்து மெதுவாக எழுந்தார். எட்டு என்றேன். உட்கார்ந்தார். ஏழு என்றார். எதிர்க்கடையில் டீ சொல்லச் சொன்னார். சொன்னேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். செவ்வாய்க்கிழமை பிடித்த பயம் எனக்கு இறங்கிக்கொண்டே வந்தது. இது பழைய குணசீலன். இந்த ஆளை எனக்குத் தெரியும்.

டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.

கத்தி அவருக்கு, ஒரு லட்சம், ரொக்கம். லீதியாளுக்கு மாதம் ஏழாயிரத்து ஐநூறு, ஒவ்வொரு ஐந்தாம் தேதியும், தீர்ப்பு வருகிற வரைக்கும். அதற்குமேல் கிடையாது.